அமெரிக்காவில் சிஆர்என்ஏ ஆவது எப்படி: ஆர்என் உரிமத்திலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரை

மாதத்துக்கு ஒரு தங்கையாவது ஊரிலிருந்து இதைக் கேட்டுவிடுகிறாள்: "அக்கா, பிஎஸ்சி நர்சிங் முடிச்சு மூணு வருஷம் ஐசியூ பார்த்திருக்கேன். அமெரிக்காவுல நேரா அனஸ்தீசியா நர்ஸா சேர்ந்துடலாம்னு ஏஜென்ட் சொல்றாரு. உண்மையா?"

உண்மை இல்லை. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் சான்றிதழ் பெற்ற நர்ஸை அங்கே சிஆர்என்ஏ என்பார்கள். அந்த வேலையில் நேராகச் சேரவே முடியாது. ஆனால் வழி இருக்கிறது. நீளமான வழி, பணமும் பொறுமையும் கேட்கிற வழி. அதில் நடந்து வந்தவள் என்பதால், எங்கெங்கே திருப்பம், எங்கெங்கே பள்ளம் என்று ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நம் ஊரில் மயக்க மருந்து கொடுப்பது டாக்டர் வேலை. எம்டி அனஸ்தீசியா படித்தவர் கொடுப்பார், நர்ஸும் டெக்னீஷியனும் கூட நின்று உதவுவார்கள். அமெரிக்காவில் கதை வேறு. 1877-லேயே பென்சில்வேனியாவின் ஈரி நகர மருத்துவமனையில் சிஸ்டர் மேரி பெர்னார்ட் என்ற கன்னியாஸ்திரீ இந்த வேலையைச் செய்தார். மேயோ கிளினிக்கின் மேயோ சகோதரர்களிடம் நர்ஸாக இருந்த ஆலிஸ் மகாவ் தான் கொடுத்த 14,000-க்கும் மேற்பட்ட மயக்கங்களில் மயக்கத்தால் ஓர் இறப்புகூட இல்லை என்று 1906-ல் எழுதினார். இது டாக்டர் தொழிலைத் திருடுவதாகும் என்று தொடுத்த வழக்கை 1936-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. டாக்மர் நெல்சன் என்ற நர்ஸ் மீதான வழக்கு அது. இவ்வளவு வேரூன்றிய தொழில் என்பதால்தான் சிஆர்என்ஏ இன்று நோயாளியைத் தானே பரிசோதிக்கிறார், தூங்க வைக்கிறார், டியூப் போடுகிறார், ஸ்பைனல் கொடுக்கிறார், கண் திறக்கும்வரை தலைமாட்டில் நிற்கிறார்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். "லைசென்ஸ்" என்று ஒற்றைச் சொல்லில் சொன்னாலும் அது ஒரே காகிதம் இல்லை. தேசியச் சான்றிதழ், மாநில ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம், மாநிலத்தின் உயர்நிலைச் செவிலியர் உரிமம், மருத்துவமனை தரும் அனுமதி என்று நான்கு இருக்கின்றன. இதற்கு மேல் மெடிகேர் (முக்கியமாக முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் கொடுப்பதற்கான மத்திய அரசு விதி. இவை எல்லாவற்றிலும் எது உங்களுக்கு மிகக் குறைவாக இடம் தருகிறதோ, அதுதான் அன்றைக்குத் தியேட்டரில் உங்கள் எல்லை.

முதல் படி: அமெரிக்க ஆர்என் உரிமம்

இது இல்லாமல் எதுவும் இல்லை. தமிழ்நாடு செவிலியர் குழுமத்தின் பதிவு, படிப்புச் சான்று, பாடநேர விவரம் எல்லாவற்றையும் மதிப்பீட்டுக்கு அனுப்பி, மாநில நர்சிங் போர்டு ஒன்றில் விண்ணப்பித்து, என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வு எழுத வேண்டும். தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம். குடியேற வரும் நர்ஸுக்கு விசா ஸ்கிரீன் என்ற தகுதிச் சரிபார்ப்புச் சான்றும் ஆங்கிலத் தேர்வும் தனியாக வேண்டும். கிரீன் கார்டு வரிசை இந்தியர்களுக்கு நீளம் என்பதால், இந்தக் கட்டமே பல ஆண்டுகளைத் தின்றுவிடும்.

அடிக்கடி குழப்பம் வரும் இரண்டு விஷயம். பிஎஸ்சி அனஸ்தீசியா டெக்னாலஜி படித்தவர்கள் இந்த வழியில் வரவே முடியாது. அது நர்சிங் பட்டம் அல்ல, ஆர்என் உரிமம் கிடைக்காது. ஜிஎன்எம் டிப்ளமோ படித்தவர்கள் ஆர்என் ஆகலாம், ஆனால் அனஸ்தீசியா பள்ளி இளநிலைப் பட்டம் கேட்கும். போஸ்ட் பேசிக் பிஎஸ்சியோ, அங்கே வந்தபின் பட்டப்படிப்போ முடித்தாக வேண்டும்.

இரண்டாம் படி: ஐசியூ

ஏஜென்ட்கள் சொல்லாமல் மறைக்கும் இடம் இதுதான். அனஸ்தீசியா பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் சிஓஏ என்ற அமைப்பு, சேருவதற்கு முன் குறைந்தது 1 ஆண்டு முழுநேரத் தீவிர சிகிச்சைப் பிரிவு அனுபவம் கேட்கிறது. அந்த அனுபவம் அமெரிக்காவிலோ, அதன் ஆட்சிப் பகுதிகளிலோ, வெளிநாட்டில் உள்ள அமெரிக்க ராணுவ மருத்துவமனையிலோ பெற்றதாக இருக்க வேண்டும். சென்னையிலும் வேலூரிலும் நீங்கள் தூக்கம் கெட்டுப் பார்த்த ஐசியூ இரவுகள் அந்தக் கணக்கில் ஏறாது. எனக்கு அது வலித்தது. ஆனால் அங்கே கற்ற கை, இங்கே ஐசியூ வேலை கிடைப்பதற்கு நிச்சயம் உதவும்.

1 ஆண்டு என்பது குறைந்தபட்சம். இடங்களுக்குப் போட்டி கடுமை என்பதால் அதற்கும் மேல் அனுபவமுள்ளவர்களே பெரும்பாலும் தேர்வாகிறார்கள். வென்டிலேட்டர், ஆர்டீரியல் லைன், நிமிடத்துக்கு நிமிடம் ஏற்றி இறக்கும் நார்எபினெஃப்ரின் சொட்டு ஆகியவற்றைத் தினமும் கையாளும் பிரிவில் வேலை தேடுங்கள். சிசிஆர்என் என்ற தீவிர சிகிச்சை நர்ஸ் சான்றிதழ் இருந்தால் நேர்காணலில் மதிப்பு. ஒரு சிஆர்என்ஏவுடன் ஒரு நாள் முழுக்க நின்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். பல பள்ளிகள் அதையே கேட்கும்.

மூன்றாம் படி: பள்ளி

2022 ஜனவரி 1 முதல் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் முனைவர் நிலைப் படிப்பில்தான் சேர முடியும். குறைந்தது 36 மாதம். டிஎன்பி அல்லது டிஎன்ஏபி என்ற முனைவர் பட்டம் கிடைக்கும். குறைந்தபட்சம் 600 கேஸ், 2,000 மணிநேர மருத்துவப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். படிப்பும் பயிற்சியும் சேர்த்து வாரத்துக்கு 64 மணிநேரத்துக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பும் உண்டு. அந்த வரம்பே சொல்லிவிடும், கூடவே வேலை பார்த்துச் சம்பாதிக்க முடியாது என்று. 3 ஆண்டு சம்பளம் இல்லாமல், கட்டணக் கடனோடு, வீட்டையும் நடத்த வேண்டும். ஊருக்குப் பணம் அனுப்பும் பொறுப்பு உள்ளவர்கள் அதற்கொரு ஏற்பாடு செய்யாமல் இதில் இறங்காதீர்கள். 2023 மே கணக்குப்படி இந்தத் தொழிலின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 2,12,650 டாலர் என்று அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் சொல்கிறது. ஏஜென்ட் அந்த எண்ணை மட்டும்தான் காட்டுவார், இந்த 3 ஆண்டைக் காட்டமாட்டார்.

பள்ளி சிஓஏ அங்கீகாரம் பெற்றதா என்று பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள். அங்கீகாரமில்லாத பள்ளியில் படித்தால் அடுத்த படிக்கே போக முடியாது. வேறு நாட்டில் பெற்ற அனஸ்தீசியா பயிற்சிக்கும் இதே கதிதான்.

நான்காம் படி: தேசியத் தேர்வு

நர்ஸ் அனஸ்தெடிஸ்ட்களுக்குத் தேசியச் சான்றிதழ் தரும் என்பிசிஆர்என்ஏ என்ற அமைப்பு நடத்தும் என்சிஇ தேர்வு. 3 மணிநேரம், 100 முதல் 170 கேள்விகள். உங்கள் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கணினி தேர்ந்தெடுக்கும். படிப்பு முடித்த 2 ஆண்டுக்குள் தேறியாக வேண்டும், தவறினால் மறுபடி முழுப் படிப்பு. தேறியதும் சிஆர்என்ஏ என்று பெயருக்குப் பின்னால் போடலாம், ஆனால் ஒரு நோயாளியைக்கூட இன்னும் தொட முடியாது. அதற்கு மாநிலம் வேண்டும்.

ஐந்தாம் படி: மாநில உரிமம்

2008-ல் நர்சிங் அமைப்புகள் கூடி ஒரு பொது மாதிரியை உருவாக்கின. நர்ஸ் பிராக்டிஷனர், கிளினிகல் ஸ்பெஷலிஸ்ட், மிட்வைஃப், அனஸ்தெடிஸ்ட் ஆகிய நால்வரையும் ஏபிஆர்என் (உயர்நிலைச் செவிலியர்) என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவருவது அதன் நோக்கம். பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின, ஆனாலும் ஒவ்வொன்றும் தன் போக்கில்தான். டெக்சாஸில் ஏபிஆர்என் உரிமம். கலிபோர்னியாவில் ஆர்என் உரிமத்துக்கு மேல் நர்ஸ் அனஸ்தெடிஸ்ட் என்று தனிச் சான்றிதழ். பென்சில்வேனியாவில் 2021-ல் சட்டம் வரும்வரை சிஆர்என்ஏ என்ற பெயருக்கே மாநிலச் சட்டத்தில் இடமில்லை, எல்லோரும் வெறும் ஆர்என் உரிமத்தில்தான் வேலை பார்த்தார்கள். முதல் நர்ஸ் மயக்கம் கொடுத்த அதே பென்சில்வேனியா!

விண்ணப்பத்துக்குப் பொதுவாக வேண்டியவை: தண்டனையோ கட்டுப்பாடோ இல்லாத ஆர்என் உரிமம், பள்ளி நேராக அனுப்பும் மதிப்பெண் பட்டியல், என்பிசிஆர்என்ஏ நேராக அனுப்பும் சான்று உறுதி, கைரேகை வழிக் காவல் சரிபார்ப்பு, முன்பு உரிமம் வைத்திருந்த மாநிலங்களின் உறுதிக் கடிதம். "நேராக" என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் கையால் அனுப்பிய நகல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் போர்டு ஏற்காது. மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் நிபந்தனையும் உண்டு. ஃபுளோரிடா உதாரணம்: தொழில் தவறுக் காப்பீடோ வேறு பணப் பொறுப்போ ஒரு வழக்குக்கு 1,00,000 டாலர், மொத்தம் 3,00,000 டாலர் அளவில் இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

இங்கேதான் நான் விழுந்தேன். என் ஆர்என் உரிமம் பல மாநிலங்களில் செல்லும் காம்பாக்ட் உரிமம். அந்த உடன்படிக்கையில் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களும் பகுதிகளும் இருக்கின்றன. வேறொரு காம்பாக்ட் மாநிலத்தில் வேலை கிடைத்ததும், உரிமம் கையில் இருக்கிறதே என்று வீட்டைக் காலி செய்து, பெட்டி கட்டி, பையனைப் புதுப் பள்ளியில் சேர்த்துவிட்டேன். காம்பாக்ட் ஆர்என் உரிமத்துக்கு மட்டும்தான், ஏபிஆர்என் உரிமத்துக்கு இல்லை. அந்த மாநிலத்தின் சிஆர்என்ஏ உரிமத்துக்குத் தனியாக விண்ணப்பித்து, கைரேகை அட்டை ஒருமுறை மை தெளிவில்லை என்று திரும்பி வந்து, மறுபடி அனுப்பி, 7 வாரம் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் தவிர்த்திருக்கலாம்.

ஏபிஆர்என்களுக்கும் ஒரு காம்பாக்ட் 2020-ல் எழுதப்பட்டது. 7 மாநிலங்கள் சட்டமாக்கினால்தான் அது நடைமுறைக்கு வரும். வடக்கு டகோட்டா, டெலவேர், யூட்டா, தெற்கு டகோட்டா ஆகியவை முன்வந்தன, நான் இதை எழுதும்போது 7 நிறையவில்லை. ஆகவே மாநிலம் மாறினால் சிஆர்என்ஏ உரிமம் புதிதாக வேண்டும். ஆர்என் பக்கமும் ஒரு கெடு உண்டு: ஒரு காம்பாக்ட் மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தால் 60 நாளுக்குள் புதிய மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆறாம் படி: யார் மேற்பார்வை, எந்த அளவு

நர்ஸ்கள் கூடும் இடமெல்லாம் ஒரு வரைபடம் சுற்றும். டாக்டர் மேற்பார்வை வேண்டாத "சுதந்திர மாநிலங்கள்" பச்சை, மற்றவை சிவப்பு. அந்தப் படத்தை நம்பி வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் படம் பெரும்பாலும் காட்டுவது ஒரே ஒரு விதியை.

மெடிகேர் பணம் வாங்கும் மருத்துவமனையில் சிஆர்என்ஏ மயக்கம் கொடுத்தால், ஆபரேஷன் செய்யும் டாக்டரோ, கூப்பிட்டால் உடனே வரக்கூடிய மயக்கவியல் மருத்துவரோ மேற்பார்வை செய்ய வேண்டும் என்பது மத்திய அரசின் நிபந்தனை. இரண்டில் ஒருவர் போதும், அதைப் பலர் கவனிப்பதில்லை. மயக்கவியல் மருத்துவரே இல்லாத சிறு ஊர் மருத்துவமனையில் சர்ஜன் இருந்தாலே இந்த விதி நிறைவேறிவிடும். 2001 நவம்பர் 13 அன்று வந்த திருத்தம், ஆளுநர் ஒரு கடிதம் எழுதித் தன் மாநிலத்தை இதிலிருந்து விலக்கிக்கொள்ளலாம் என்றது. மருத்துவ போர்டையும் நர்சிங் போர்டையும் கலந்து பேசியதாகவும், விலகுவது மக்களுக்கு நல்லது என்றும், மாநிலச் சட்டத்துக்கு முரணில்லை என்றும் கடிதத்தில் சொல்ல வேண்டும். அயோவா அந்த டிசம்பரிலேயே முதலில் விலகியது. மொன்டானா 2004-ல் விலகியது, 2005-ல் வந்த புதிய ஆளுநர் திரும்பப் பெற்றார், பிறகு அவரே மறுபடி விலகினார். கலிபோர்னியா 2009-ல் விலகியபோது டாக்டர் சங்கங்கள் வழக்குப் போட்டன, 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விலகல் செல்லும் என்றது.

விலகல் கடிதம் மத்திய அரசின் நிபந்தனையை மட்டும்தான் எடுக்கும். மாநிலச் சட்டம் அப்படியே நிற்கும். கான்சஸ் 2003-லேயே விலகிய மாநிலம், படத்தில் பச்சை. ஆனால் அதன் சட்டம், டாக்டரோ பல் மருத்துவரோ வழிநடத்தும் குழுவின் அங்கமாகவே சிஆர்என்ஏவை வைக்கிறது. ஃபுளோரிடா 2020-ல் ஏபிஆர்என்களுக்குத் தன்னாட்சி கொடுத்ததாகச் செய்தி வந்தது. அது முதல்நிலை மருத்துவம் பார்ப்பவர்களுக்கு மட்டும், சிஆர்என்ஏவுக்கு டாக்டருடன் எழுதிய நெறிமுறை ஒப்பந்தம் தேவை. டெக்சாஸ் விலகவில்லை. அங்கே மருத்துவமனையிலோ அறுவை மையத்திலோ டாக்டர் மயக்கத்துக்கு ஆணையிட்டு, அதற்கு வேண்டிய மருந்துகளை ஆர்டர் செய்வதையும் சிஆர்என்ஏவிடம் ஒப்படைக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அந்த ஒப்படைப்பின் கீழ் கிராமப்புற டெக்சாஸில் பலர் தனியாகவே தியேட்டர் நடத்துகிறார்கள். சிவப்பு மாநிலத்தில் தனியாகவும் பச்சை மாநிலத்தில் ஒருவர் கண்காணிப்பிலும் வேலை பார்க்கலாம். மத்திய அரசு நடத்தும் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகள் 2016 டிசம்பரில் மற்ற ஏபிஆர்என்களுக்கு முழு அதிகாரம் கொடுத்தபோது சிஆர்என்ஏவை மட்டும் விட்டுவிட்டன. ராணுவத்திலோ சிஆர்என்ஏ சுதந்திரமாக இயங்குகிறார். ஒரே அரசு, இரண்டு வழக்கம்.

எனவே எந்த மாநிலமானாலும் மூன்றைப் படியுங்கள்: நர்சிங் சட்டத்தில் சிஆர்என்ஏ பற்றிய பிரிவு, போர்டின் விதிகள், மாநில மருத்துவமனை உரிம விதிகள். மூன்றாவதைப் பலர் திறப்பதே இல்லை, ஆனால் கட்டுப்பாடு ஒளிந்திருப்பது அங்கேதான். "மேற்பார்வை", "கூட்டுப்பணி", "ஆணை", "ஒப்படைப்பு" ஆகிய நான்கில் எந்தச் சொல் வருகிறது என்று பாருங்கள், நான்குக்கும் சட்டத்தில் பொருள் வேறு. அருகில் இருக்க வேண்டுமா, கட்டிடத்தில் இருந்தால் போதுமா, தொலைபேசி போதுமா என்றும் பாருங்கள். நாள்பட்ட வலிக்கு ஊசி போட ஆசையா? அது தனிக் கேள்வி. லூசியானாவில் 2008-ல் நீதிமன்றம் அது நர்சிங் எல்லைக்கு வெளியே என்றது.

பிறகு பில் கணக்கு. மெடிகேரில் டாக்டர் வழிகாட்டல் இல்லாமல் சிஆர்என்ஏ தனியாகச் செய்த கேஸுக்குக் குறியீடு க்யூஇசட், முழுத் தொகையும் சிஆர்என்ஏ சேவைக்கே. மயக்கவியல் மருத்துவர் வழிகாட்டினால் சிஆர்என்ஏ பக்கம் க்யூஎக்ஸ், தொகை பாதிக்குப் பாதி. ஒரு டாக்டர் ஒரே நேரத்தில் 4 கேஸ் வரைதான் வழிகாட்டலாம். அதற்கு ஏழு நிபந்தனை, நோயாளியைத் தூங்கவைக்கும் நேரத்திலும் எழுப்பும் நேரத்திலும் நேரில் பங்கெடுப்பதும் அதில் ஒன்று. நேர்காணலில் "நீங்கள் எந்தக் குறியீட்டில் பில் போடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்தத் தியேட்டரில் உங்களுக்கு எவ்வளவு சுதந்திரம் தருவார்கள் என்பதை அந்தப் பதில் சொல்லிவிடும். "எங்கள் டீம் ரொம்ப ஃப்ளெக்சிபிள்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

ஏழாம் படி: மருந்து

கட்டுப்பாட்டு மருந்துகளை மத்திய அரசு அட்டவணைகளாகப் பிரித்திருக்கிறது: ஃபென்டனில் இரண்டாம் அட்டவணை, கெட்டமைன் மூன்று, மிடசோலம் நான்கு. புரோபோஃபால் மத்திய அட்டவணையில் இல்லை. மருத்துவமனைக்குள் ஆணையின்படி நீங்களே கொடுப்பதற்கும், வெளியே மருந்துச் சீட்டு எழுதுவதற்கும் சட்டம் வேறு. பல இடங்களில் டிஇஏ என்ற மத்திய போதைமருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் மருத்துவமனை வைத்திருக்கும் பதிவே முதலாவதுக்குப் போதும். சீட்டு எழுத வேண்டுமானால் மாநிலம் அந்த அதிகாரம் தர வேண்டும், அதன் மேல் உங்கள் பெயரில் டிஇஏ பதிவு வேண்டும். 3 ஆண்டுக்கு 888 டாலர், கூடவே போதைப் பழக்கச் சிகிச்சை பற்றிய 8 மணிநேரப் பயிற்சி ஒருமுறை.

எட்டாம் படி: மருத்துவமனை அனுமதி

உரிமம் வந்த கையோடு என்பிஐ என்ற தேசிய மருத்துவச் சேவையாளர் எண் எடுங்கள், மெடிகேரில் பதியுங்கள். பிறகு மருத்துவமனையின் கிரெடென்ஷியலிங் (தகுதிச் சரிபார்ப்பு) அலுவலகம் உங்கள் பள்ளி, போர்டு, பழைய வேலை எல்லாவற்றையும் தனித்தனியே கேட்டு உறுதி செய்யும். தேசியப் பதிவேட்டில் உங்கள் மீது வழக்கோ தண்டனையோ உண்டா என்று பார்க்கும். கடைசியாக, எதையெதைச் செய்ய அனுமதி என்று சொல்லும் பிரிவிலேஜ் படிவம் வரும்: ஜெனரல், ஸ்பைனல், எபிடியூரல், நரம்புத் தடுப்பு ஊசி, சென்ட்ரல் லைன், குழந்தைகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டு வாங்க வேண்டும். பள்ளியின் கேஸ் பதிவேட்டை அழித்துவிடாதீர்கள். எத்தனை நரம்புத் தடுப்பு செய்தீர்கள் என்று கேட்கும்போது அந்த எண்தான் சாட்சி. சட்டம் அனுமதித்தும் மருத்துவமனைத் துணைவிதி மறுக்கலாம், இந்தப் படிவத்தில்தான் அது தெரியவரும்.

இது முடியும்வரை உள்ளே போக வழியில்லை. என் முதல் வேலையில், முதல் நாள் காலை 6 மணிக்கு மருந்து அலமாரி இயந்திரத்தில் விரலை வைத்தேன். சிவப்பு எழுத்தில் "அனுமதி இல்லை". என் பெயர் இன்னும் மருந்தகப் பட்டியலில் ஏறவில்லை. 7.30-க்கு என் நோயாளி, பித்தப்பை ஆபரேஷன். இன்னொரு சிஆர்என்ஏ வந்து அந்தக் கேஸை எடுத்துக்கொண்டார், நான் சுவரோரம் நின்று பார்த்தேன். சேரும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே அலுவலகத்தை அழைத்து, இயந்திர அனுமதி, கணினி அனுமதி, அடையாள அட்டை மூன்றும் தயாரா என்று கேளுங்கள். மீந்த ஃபென்டனிலைக் கொட்டும்போது சாட்சிக் கையெழுத்து யாரிடம் வாங்குவது என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு மில்லியும் கணக்கில் நிற்கும். கணக்கு இடித்தால் கேள்வி நர்சிங் போர்டு வரை போகும்.

காப்பீட்டில் இரண்டு வகை. சம்பவம் நடந்த ஆண்டை வைத்துக் காக்கும் வகை ஒன்று, வழக்கு வந்த ஆண்டை வைத்துக் காக்கும் வகை இன்னொன்று. இரண்டாவதில் வேலையை விட்டபின் வரும் பழைய வழக்குக்கு வால் காப்பீடு தனியாக வாங்க வேண்டும், விலை அதிகம். யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

ஒன்பதாம் படி: புதுப்பித்தல்

என்பிசிஆர்என்ஏ சுழற்சி 4 ஆண்டு. அதற்குள் தொடர்கல்வியில் ஏ வகுப்பில் 60, பி வகுப்பில் 40 புள்ளி. மாநில உரிமம் பெரும்பாலும் 2 ஆண்டு, சில மாநிலங்களில் பிறந்த மாதத்தோடு கட்டியிருக்கும். ஏசிஎல்எஸ் என்ற இதய அவசர உயிர்காப்புச் சான்று 2 ஆண்டு. டிஇஏ 3 ஆண்டு. ஒன்றின் தேதியும் மற்றதோடு ஒத்துப்போகாது. என் சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொன்றுக்கும் 90 நாள் முன்பே சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுவேன், கைப்பேசி நினைவூட்டலை நம்புவதில்லை. தேசியச் சான்று காலாவதியானால் பல மாநிலங்களில் உரிமமும் கூடவே விழும். உரிமம் விழுந்தால் மருத்துவமனை அனுமதி அன்றே போகும். முகவரி மாறினால் போர்டுக்குத் தெரிவியுங்கள், புதுப்பிப்புக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய் உரிமம் இழந்தவர்களை எனக்குத் தெரியும். டிஇஏ பதிவு மாநிலத்தோடு கட்டப்பட்டது, எல்லை தாண்டினால் அதையும் மாற்ற வேண்டும்.